காட்டுப்பழமும் காளானும் பறிக்கணுமா, ரூல மனப்பாடம் பண்ணாதீங்க, ஒரு செடிய முழுசா கத்துக்கோங்க

காட்டுல பழம் பறிக்கிறது எப்படி, காளான் எடுக்கிறது எப்படின்னு கேக்குறவங்கள்ல முக்காவாசி பேர் எதிர்பாக்குறது ஒரு ரூல். வெள்ளையா இருந்தா சாப்பிடாத, பால் வடிஞ்சா தொடாத, பறவை கொத்துனா நல்லது, பளிச்சுனு கலரா இருந்தா விஷம், இப்படி நாலு வரிய மனப்பாடம் பண்ணிட்டு கூடைய தூக்கிட்டு கிளம்பிடலாம்னு நெனைக்கிறாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஆரம்பிச்சு ஒரு தடவை வாந்தி எடுத்து படுத்ததுக்கு அப்புறம்தான் உக்காந்து ஒழுங்கா படிச்சேன். அப்படி ஒரு பொது ரூல் எங்கயும் கிடையாது. ஒரு கூட்டத்துல நம்ம வீட்டு ஆள முதுக பாத்தே கண்டுபிடிக்கிறோம்ல, அந்த மாதிரி ஒவ்வொரு செடியையும் ஒவ்வொரு காளானையும் தனித்தனியா தெரிஞ்சுக்கணும், வேற வழி இல்ல.

ரூல் ஏன் வேலைக்கு ஆகாதுன்னு முதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா மனசு மறுபடி அதுக்குத்தான் ஓடும். பால் வடியிற செடி விஷம்னு சொல்லுவாங்க. களாக்காய கிள்ளினா வெள்ளையா பால் வரும், அத்தியிலயும் வரும், பாலைப்பழத்துக்கு பேர்லயே பால் இருக்கு, மூணுமே நல்லா பழுத்தா அருமையான பழம். ஆனா அந்த களா எந்த குடும்பம்னு பாத்தா அரளி குடும்பம், ஒதளங்காயும் அதே குடும்பம்தான். ஒதளங்கொட்டை ஒண்ணு உள்ள போனாலே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். ஆக பால வச்சும் முடிவு பண்ண முடியாது, குடும்பத்த வச்சும் முடிவு பண்ண முடியாது. வெள்ளைப் பழம் ஆகாதுங்கிறது இன்னொண்ணு, பூலாப்பழம் முத்து மாதிரி வெள்ளையா இருக்கும், அது தின்னக்கூடிய பழம். சரி வெள்ளைய விடுங்க, கறுப்பு? மணத்தக்காளி பழுத்தா கறுப்பு, நல்லது. ஐரோப்பாக் காடுகள்ல இருக்கிற பெல்லடோனாவும் கறுப்புதான், அதுவும் தக்காளி கத்தரிக்காய் குடும்பம்தான், அதுல ரெண்டு மூணு பழம் சின்னக் குழந்தைய கொல்ல போதும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும், மணத்தக்காளி பட்டாணி அளவுல கொத்தா தொங்கும், பெல்லடோனா செர்ரி அளவுல மினுமினுன்னு ஒத்தையா நிக்கும், பழத்துக்குப் பின்னாடி அஞ்சு பச்சை இதழ் நட்சத்திரம் மாதிரி விரிஞ்சிருக்கும். ஆனா இத தெரிஞ்சவன் கண்ணுக்குத்தான் அது வித்தியாசம், "கறுப்புப் பழம்"னு மட்டும் மனசுல வச்சிருக்கவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

பறவை சாப்பிட்டா நாமளும் சாப்பிடலாம்ங்கிறது எல்லாத்தையும் விட ஆபத்து. எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்னன்னு சொல்ற அதே எட்டி, ஆரஞ்சுப்பழம் மாதிரி உருண்டையா பாக்க அவ்வளவு அழகா இருக்கும், இருவாச்சி மாதிரி பறவைங்க அந்த சதைய சாப்பிடும், ஆனா கொட்டையில இருக்கிறது ஸ்ட்ரிக்னின்ங்கிற நஞ்சு, மனுஷனுக்கு உடம்பெல்லாம் வெட்டி இழுத்து மூச்சு நின்னுடும். சில முயல்களோட உடம்புல பெல்லடோனாவோட நஞ்சான அட்ரோபின உடைக்கிற என்சைமே இருக்கு, அதுங்க பெல்லடோனா இலைய மேஞ்சுட்டு சும்மா போயிடும். அதுங்க ஈரல் வேற நம்ம ஈரல் வேற. இனிப்பா இருந்தா நல்லதுன்னும் நெனைக்காதீங்க, கரீபியன் கடற்கரைகள்ல மான்ச்சினீல்னு ஒரு மரம் இருக்கு, குட்டி ஆப்பிள் மாதிரி இருக்கிற அந்தப் பழம் முதல் கடியில இனிக்குமாம், கொஞ்ச நேரத்துல தொண்டை எரிஞ்சு வீங்கிடும், மழை பெய்யும்போது அந்த மரத்தடியில ஒதுங்கினாலே சொட்டுற தண்ணியில தோல் கொப்பளிச்சுடும்.

அப்போ எப்படித்தான் கத்துக்கிறது? நான் சொல்ற முறை மெதுவானது. ஒரு வருஷத்துக்கு ரெண்டு மூணு செடி போதும். உங்களுக்கு நடந்து போற தூரத்துல இருக்கிற ஒரு மரத்த எடுத்துக்கோங்க, அத வருஷத்துல குறைஞ்சது நாலு தடவையாவது போய்ப் பாருங்க, இலை விடும்போது, பூக்கும்போது, காய்க்கும்போது, பழுக்கும்போது. பழத்த மட்டும் பாத்து அடையாளம் சொல்றதுதான் நெறைய பேர் பண்ற தப்பு, ஏன்னா உருண்டையா சின்னதா இருக்கிற பழம் ஆயிரம் செடியில இருக்கு, ஆனா பூவும் இலையும் முள்ளும் சேந்து ஒத்துப்போற செடி ஒண்ணுதான் இருக்கும். பூ சமயத்துலயே செடிய அடையாளம் பண்ணி இடத்த குறிச்சு வச்சுட்டு, பழ சமயத்துல திரும்பி வர்றதுதான் சரியான வழி.

பாக்க வேண்டியது என்னன்னா, இலை தண்டுல எதிரெதிரா ஜோடியா வருதா மாத்தி மாத்தி வருதா, இலைக்கு அடிப்பக்கம் என்ன நிறம், கசக்கினா என்ன வாசம், முள்ளு இருந்தா எப்படி இருக்கு, கிள்ளினா பால் வருதா, பட்டை எப்படி, பழத்த குறுக்க வெட்டினா உள்ள எத்தனை கொட்டை. உதாரணத்துக்கு இலந்தை, ஒரு கணுவுல ரெண்டு முள்ளு இருக்கும், அதுல பெரும்பாலும் ஒண்ணு நேரா ஒண்ணு கொக்கி மாதிரி வளைஞ்சு இருக்கும், இலையில அடியில இருந்து மூணு நரம்பு ஓடும், இலைய திருப்பினா கீழ பஞ்சு பூசின மாதிரி வெளுப்பா இருக்கும், பழத்துக்குள்ள ஒரே ஒரு கெட்டிக் கொட்டை. நாவல்னா இலை எதிரெதிர் ஜோடி, தோல் மாதிரி தடிச்சு பளபளன்னு இருக்கும், ஓரத்த ஒட்டியே ஒரு நரம்பு சுத்தி வர்றது வெளிச்சத்துல பிடிச்சா தெரியும், கசக்கினா டர்பன்டைன் மாதிரி ஒரு வாசம் வரும். களான்னா ஜோடி இலை, பல முள்ளு கவட்டை மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கும், பூ மல்லி மாதிரி வெள்ளையா, காய் பச்சையில இருந்து சிவந்து கடைசியில கறுக்கும். இப்படி ஒரு செடிக்கு அஞ்சாறு அடையாளம் கையில இருந்து, அத்தனையும் ஒத்துப்போனாத்தான் அது அந்த செடி. அஞ்சுல நாலு ஒத்துப்போய் ஒண்ணு இடிச்சா "சரி வளந்த இடம் வேற, அதான் அப்படி"ன்னு நம்மளே சமாதானம் சொல்லிக்குவோம் பாருங்க, அந்த சமாதானம்தான் ஆள காலி பண்றது. இடிச்சா வச்சுட்டு வந்துடுங்க.

சரியான செடிதான்னு தெரிஞ்சாலும் பழுத்திருக்கான்னு பாக்கணும், இத நெறைய பேர் லேசா விட்டுடுறாங்க. நான் வாந்தி எடுத்தேன்னு சொன்னேன்ல, அது சொடக்குத்தக்காளி. செடி சரிதான், காய் பச்சையா இருக்கும்போதே ஆசையில ஒரு கைப்பிடி தின்னுட்டேன். அது பழுத்தா மேல இருக்கிற கூடு காஞ்சு வைக்கோல் நிறமாகி, பழமே கீழ விழுந்துடும், அப்போதான் எடுக்கணும், பச்சையில அந்த குடும்பத்துக்கே உரிய சோலனின் மாதிரி சங்கதிங்க இருக்கும், மணத்தக்காளி பச்சைக் காய பறிச்ச உடனே அப்படியே திங்கக்கூடாதுங்கிறதும் அதனாலதான். சிறுபூனைக்காலின்னு வலை மாதிரி மூடின பழம் வேலியில படரும், அது மஞ்சளா பழுத்தா தின்னலாம், பச்சைக்காயில சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு. இதுல ரொம்ப தெளிவான உதாரணம் ஜமைக்காவோட தேசியப் பழம் அக்கீ, மரத்துலயே தானா வாய் பிளந்து கறுப்புக் கொட்டை வெளிய தெரியற வரைக்கும் பறிக்கவே கூடாது, அதுக்கு முன்னாடி பறிச்சா ஹைப்போகிளைசின்ங்கிற நஞ்சு ரத்தத்துல சர்க்கரைய அதலபாதாளத்துக்கு இறக்கிடும். உண்ணிச்செடி பழத்த சின்ன வயசுல தின்னவங்க நெறைய பேர் இருக்கீங்க, அதுல பச்சைக்காய் நஞ்சு, ஒரே கொத்துல பழமும் காயும் கலந்தே இருக்கும், குழந்தைங்க கைக்கு அத பிரிச்சு எடுக்கத் தெரியாது, அதனால அது என் லிஸ்ட்லயே இல்ல.

கொட்டை விஷயம் தனியா சொல்லணும். பழம் நல்லதுன்னா கொட்டையும் நல்லதுன்னு அர்த்தம் இல்ல, யூங்கிற ஊசியிலை மரத்துல சிவப்பா கிண்ணம் மாதிரி இருக்கிற சதை மட்டும் தின்னக்கூடியது, உள்ள இருக்கிற கொட்டைய மென்னு தின்னா இதயமே நின்னுபோகலாம். சதை மட்டும் போதும், கொட்டைய மெல்லாம துப்பிடுங்க, இது எந்த காட்டுப்பழத்துக்கும் நல்ல பழக்கம். வீட்டுல சின்ன புள்ளைங்க இருந்தா பழம் பறிக்கக் கத்துக்குடுக்கறதுக்கு முன்னாடி விஷக்கொட்டைய காட்டிக் குடுங்க. குன்றிமணி, சிவப்பும் கறுப்புமா மணி மாதிரி இருக்கும், முழுசா முழுங்கினா பல நேரம் அப்படியே வெளிய வந்துடும் ஆனா மென்னா அப்ரின்ங்கிற நஞ்சு வெளிய வரும், உயிரே போகலாம். ஆமணக்குல ரிசின்ங்கிற நஞ்சு. காட்டாமணக்குக் கொட்டை வேர்க்கடலை மாதிரி ருசியா இருக்கும், அதனாலயே குழந்தைங்க கூட்டமா சேந்து தின்னு வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரிக்கு வர்றது திரும்பத் திரும்ப நடக்குது. மஞ்சள் அரளிக் கொட்டை இதயத்த தாக்கும். இந்த நாலையும் கையில எடுத்து காட்டி, பேர் சொல்லி, இது எதுவும் வாய்க்குப் போகக்கூடாதுன்னு சொல்லிக்குடுங்க, கைய கழுவ வைங்க.

எங்க பறிக்கிறது? ரோட்டோரம் வேண்டாம், ஃபேக்டரி பக்கம் வேண்டாம், களைக்கொல்லி அடிச்ச வயல் வரப்பு வேண்டாம். தேசியப் பூங்கா, சரணாலயம் மாதிரி இடத்துல பல நாடுகள்ல ஒரு இலைய கூட எடுக்கக்கூடாது, தனியார் நிலம்னா கேட்டுட்டு போங்க. முழுக்கை சட்டை, மூடின செருப்பு இல்லன்னா ஷூ, ஒரு குச்சி. புதர்ல கைய விடறதுக்கு முன்னாடி குச்சியால தட்டுங்க, பாம்பு, குளவிக்கூடு ரெண்டும் பழம் இருக்கிற இடத்துலதான் இருக்கும். சப்பாத்திக்கள்ளிப் பழத்த வெறுங்கையில தொடவே தொடாதீங்க, பெரிய முள்ளு கூட பிரச்சனை இல்ல, கண்ணுக்கே தெரியாத மயிர் முள்ளு கொத்து கொத்தா இருக்கும், நாக்குல ஏறினா ரெண்டு நாள் நரகம், இடுக்கியில பிடிச்சு நெருப்புல சுட்டு எல்லாப் பக்கமும் கருக்கிட்டு அப்புறம் தோல உரிங்க. கீழ விழுந்த பழத்துல கடிச்ச தடம் இருந்தா விட்டுடுங்க, வவ்வால் கடிச்ச பழம் மூலமா நிப்பா வைரஸ் பரவலாம், 1998, 99ல மலேசியாவுல முதல்ல தெரிய வந்த நோய் அது. அப்புறம் ஒரு மரத்த மொட்டையடிக்காதீங்க, கிளைய ஒடிச்சு பழம் பறிக்கிறவங்கள பாத்தா எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும், அடுத்த வருஷப் பூ அந்தக் கிளையிலதானே வரணும்.

இனி காளான். இங்க கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா பழத்துல தப்பு பண்ணா பெரும்பாலும் நாக்கே கசப்பு காட்டி சொல்லிடும், இல்லன்னா சீக்கிரம் வாந்தி வந்து காட்டிக்குடுத்துடும், ஆள கொல்ற காளான்ல பெரும்பாலும் அந்த எச்சரிக்கையே வராது. என்னோட கருத்து, பழத்துல ரெண்டு வருஷம் கை பழகாதவங்க காளான் பக்கம் திங்கிறதுக்காக போகவே வேண்டாம். பாக்கப் போங்க, போட்டோ எடுங்க, ஸ்போர் பிரிண்ட் எடுங்க (காளானோட வித்துத் தூள பேப்பர்ல விழ வச்சு நிறம் பாக்குறது, எப்படின்னு கீழ சொல்றேன்), வாய்ல மட்டும் வைக்காதீங்க.

முதல்ல காளான் பத்தின பொய்ய எல்லாம் ஒதுக்கிடலாம். வெள்ளி ஸ்பூன் போட்டு கறுத்தா விஷம்ங்கிறது பொய், அந்த நஞ்சுக்கும் வெள்ளிக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. பூண்டு போட்டு வேக வச்சா நிறம் மாறும்ங்கிறதும் பொய். தோல் உரிஞ்சா நல்ல காளான், பொய். புழு நத்தை தின்னிருந்தா நல்லது, பொய், உலகத்துலயே அதிகம் பேர கொன்ன காளான நத்தை சாதாரணமா மேயும். மரத்துல முளைக்கிறது எல்லாம் நல்லதுங்கிறதும் பொய்தான், ஜப்பான்ல 2004ல ஏஞ்சல் விங்னு வெள்ளையா மரக்கட்டையில முளைக்கிற, சிப்பிக்காளான் மாதிரியே இருக்கிற ஒரு காளான சாப்பிட்டு 17 பேர் இறந்தாங்க, அதுல நெறைய பேர் ஏற்கனவே சிறுநீரகக் கோளாறு இருந்தவங்க, அதுக்கு முன்னாடி வரைக்கும் அது உண்ணத்தக்க காளான்னுதான் எல்லாரும் நெனைச்சிருந்தாங்க. நல்லா கொதிக்க வச்சா விஷம் போயிடும்ங்கிறது இருக்கிறதுலயே மோசமான பொய். இதோட இன்னொண்ணு, காட்டுல வழி தவறினவங்களுக்குன்னு ஒரு டெஸ்ட் சொல்லுவாங்க, தோல்ல தேய்ச்சுப் பாரு, உதட்டுல வையி, நாக்குல வையி, கொஞ்சம் தின்னு எட்டு மணிநேரம் காத்திருன்னு. காளானுக்கு இத பண்ணவே கூடாது, ஏன்னு அடுத்தது படிச்சா புரியும்.

டெத் கேப்னு ஒரு காளான், அமனிட்டா வகை. தொப்பி வெளிர் பச்சை கலந்த மஞ்சள், சில நேரம் வெறும் வெள்ளை, தொப்பிக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்கிற செவுள் வெள்ளை, தண்டுல பாவாடை மாதிரி ஒரு வளையம், அடியில மண்ணுக்குள்ள முட்டை உடைஞ்ச மாதிரி ஒரு கிண்ணம். பிழைச்சு வந்தவங்களே ருசியா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. சாப்பிட்டு ஆறு மணிநேரத்துல இருந்து ஒரு நாள் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. அப்புறம் வாந்தி பேதி. அப்புறம்தான் கொடுமை, ரெண்டாவது மூணாவது நாள் எல்லாம் நின்னு ஆள் தெளிவாயிடுவாங்க, சரியாப் போச்சுன்னு வீட்டுக்குக் கூட கூட்டிட்டு வந்துடுவாங்க, அந்த நேரத்துல உள்ள ஈரல் செத்துக்கிட்டு இருக்கும். அமடாக்சின்ங்கிற அந்த நஞ்சு செல்லு புரதம் செய்யறதையே நிறுத்திடும், வேக வச்சாலும் காய வச்சாலும் உறைய வச்சாலும் அழியாது, ஒரே ஒரு காளான் ஒரு பெரிய ஆள கொல்ல போதும். காளான் சாப்பிட்டு இறக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த நஞ்சாலதான் இறக்குறாங்க. கார்டினேரியஸ் வகையில சிலது இன்னும் மோசம், சில நேரம் ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் கிட்னி போயிருக்குன்னே தெரிய வரும், அதுக்குள்ள அந்த சாப்பாடே மறந்துபோயிருக்கும்.

நம்ம ஆட்களுக்கு முக்கியமானது ஒண்ணு சொல்றேன். வைக்கோல் காளான் மொட்டா இருக்கும்போது முட்டை மாதிரி இருக்கும், டெத் கேப் மொட்டும் அச்சு அசல் அதே மாதிரி முட்டைதான். ஆசியாவுல இருந்து ஆஸ்திரேலியா, அமெரிக்கான்னு போய் குடியேறினவங்க ஊர்ல பாத்த காளான்னு நம்பி இத பறிச்சு சாப்பிட்டு இறந்தது பலமுறை பதிவாயிருக்கு. அவங்க ஒண்ணும் தெரியாதவங்க இல்ல, தெரிஞ்சவங்க, ஆனா அவங்க தெரிஞ்சுக்கிட்டது வேற மண்ணுல. புது இடத்துக்குப் போனா உங்க அனுபவம் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்குதுன்னு வச்சுக்கோங்க. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் ஸ்போர் நிறத்துல தெரியும், வைக்கோல் காளான் ரோஸ், டெத் கேப் வெள்ளை. அதனால மொட்டுக் காளான எப்பவுமே பறிக்காதீங்க, விரிஞ்சதத்தான் அடையாளம் பாக்க முடியும்.

ஸ்போர் பிரிண்ட் எடுக்கறது ரொம்ப சுலபம். விரிஞ்ச காளானோட தண்ட வெட்டிட்டு தொப்பிய செவுள் கீழ பாக்குற மாதிரி பேப்பர் மேல வைங்க, பாதி வெள்ளை பாதி கறுப்பு பேப்பரா இருந்தா நல்லது, வெள்ளை ஸ்போர் வெள்ளைப் பேப்பர்ல தெரியாது. மேல ஒரு சொட்டு தண்ணி விட்டு கிண்ணத்த கவுத்து மூடி ராத்திரி பூரா விடுங்க, காலையில பொடி மாதிரி கோலம் விழுந்திருக்கும். புல்வெளியில பெரிய குடை மாதிரி வெள்ளையா முளைக்கிற ஒரு காளான் இருக்கு, குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்னு பேரு, வெப்பமான நாடுகள்ல எங்க பாத்தாலும் இருக்கும், இளசா இருக்கும்போது செவுள் வெள்ளையாத்தான் இருக்கும் அதனால நல்ல காளான்னு ஏமாந்துடுவாங்க, ஆனா ஸ்போர் பிரிண்ட் மங்கலான பச்சையா விழும். அத சாப்பிட்டா ஒண்ணு ரெண்டு மணிநேரத்துல குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி பேதி. ஒரு பேப்பரும் ஒரு ராத்திரியும் செலவு பண்ணியிருந்தா தப்பிச்சிருக்கலாம்.

அடையாளம் பாக்க எடுக்கும்போது காளான தரையோட வெட்டாதீங்க, கத்தியால சுத்தித் தோண்டி அடியோட எடுங்க, ஏன்னா அந்த அடிக்கிண்ணம் மண்ணுக்குள்ள இருக்கும், வெட்டினா முக்கியமான சாட்சியே காட்டுல தங்கிடும். அதே மாதிரி உருண்டையா பந்து மாதிரி இருக்கிற காளான நடுவுல நெட்டுக்கு வெட்டிப் பாருங்க, அத்திப்பழத்த பிட்டுப் பாத்தாத்தானே உள்ள இருக்கிற புழு தெரியும், உள்ள ஒரே சீரா பன்னீர்க்கட்டி மாதிரி வெள்ளையா இருந்தாத்தான் அது பஃப்பால்ங்கிற தின்னக்கூடிய பந்துக் காளான், உள்ள குட்டிக் காளான் உருவம் கோடு கோடா தெரிஞ்சா அது அமனிட்டா மொட்டு, கறுப்பா இருந்தா அதுவும் ஆகாது.

ஆரம்பிக்கிறதுக்கு ஒரு காளான் சொல்லுன்னு கேட்டா, புற்றுக்காளான் இருக்கிற வெப்ப நாடுகள்ல நான் அதத்தான் சொல்லுவேன். கறையான் தன் புத்துக்குள்ள வளக்கிற காளான் அது, கோடிக்கணக்கான வருஷமா ரெண்டும் சேந்தே வாழுதுங்க, மழை பிடிச்ச உடனே புத்து மேலயும் புத்து இருக்கிற தரையிலயும் கூட்டமா வரும். தொப்பி நடுவுல கூர்மையா ஒரு முனை இருக்கும், மண்ண முட்டிக்கிட்டு வர்றதுக்கு, தண்டு மண்ணுக்குள்ள வேர் மாதிரி நீளமா கறையான் கூடு வரைக்கும் போகும், தோண்டிப் பாத்தா அந்த நீள வேரும் கறையானும் கண்ணுக்குத் தெரியணும், அடிக்கிண்ணம் இருக்கக்கூடாது, தண்டச் சுத்தி முட்டை ஓடு மாதிரி எதுவும் இருக்கக்கூடாது, ஸ்போர் வெளிர் ரோஸ். இத்தனையும் பாத்து, அத வருஷாவருஷம் பறிக்கிற ஒருத்தர் நேர்ல கையில வாங்கிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் சட்டிக்கு. நேர்லன்னு சொல்றத கவனிங்க. போட்டோ அனுப்பி கேக்குறது, ஆப்ல ஸ்கேன் பண்றது ரெண்டும் பேர் தேடறதுக்கு ஒரு ஆரம்பம், திங்கிறதுக்கு சான்று இல்ல, போட்டோவுல வாசம் வராது, அடிக்கிண்ணம் தெரியாது. புத்தகமும் யார் எழுதினதுன்னு பாத்து வாங்குங்க, 2023ல ஏஐ எழுதின காளான் புத்தகங்க ஆன்லைன்ல விக்குதுன்னு நியூயார்க் காளான் ஆர்வலர் சங்கமே எச்சரிக்கை விட்டுச்சு.

எடுக்கிறதுக்கு மூங்கில் கூடையோ பேப்பர் கவரோ கொண்டு போங்க, பிளாஸ்டிக் பைல வேர்த்து ஒரு மணிநேரத்துல குழைய ஆரம்பிச்சுடும், கெட்டுப்போன நல்ல காளானும் வயித்த கெடுக்கும். தெரியாத காளானும் தெரிஞ்ச காளானும் ஒரே கூடையில சேரவே கூடாது, உடைஞ்ச ஒரு துண்டு போதும். வெட்டறதா பிடுங்கறதான்னு ஒரு பெரிய சண்டை ஓடும், சுவிட்சர்லாந்துல 1975ல இருந்து 2003 வரைக்கும் 29 வருஷம் இத அளந்து பாத்தாங்க, எப்படி எடுத்தாலும் அடுத்த வருஷ விளைச்சல் குறையல, ஆனா காட்டுத் தரைய மிதிச்சு மிதிச்சு இறுக்கினா காளான் குறையுதுன்னு தெரிஞ்சுது. அதனால கூட்டமா போய் மிதிக்காதீங்க, ஒரே தடத்துல போய் ஒரே தடத்துல வாங்க. காளான் மண்ணுல இருக்கிற உலோகத்த எல்லாம் உறிஞ்சி வச்சுக்கும், 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்கு அப்புறம் ஐரோப்பாவுல காட்டுக் காளான்ல சீசியம்ங்கிற கதிரியக்க உலோகம் பல வருஷம் தங்கியிருந்துச்சு, ஃபேக்டரி பக்கம் வேண்டாம்னு மேல சொன்னது காளானுக்கு இன்னும் ரெட்டிப்பா பொருந்தும்.

முதல் தடவை சாப்பிடும்போது, எத்தனை பேர் சரின்னு சொல்லியிருந்தாலும், ஒரே ஒரு வகைய மட்டும், நல்லா வேக வச்சு, ரெண்டு மூணு துண்டு மட்டும் சாப்பிடுங்க, வீட்டுல எல்லாரும் ஒரே நாள் சாப்பிடாதீங்க, புள்ளைங்களுக்கும் கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் குடுக்காதீங்க, அன்னைக்கு மதுவும் வேண்டாம், மதுவோட சேந்தா மட்டும் நஞ்சாகுற காளான் இருக்கு. பச்சையா எந்த காட்டுக் காளானும் கூடாது. மோரெல்னு உலகமே கொண்டாடுற காளான், 2023ல அமெரிக்காவோட மொன்டானாவுல ஒரு உணவகத்துல அத வேகாமயும் அரைவேக்காட்டுலயும் சாப்பிட்டு 51 பேருக்கு உடம்பு கெட்டுச்சு, ரெண்டு பேர் இறந்தாங்க. அப்புறம் பல வருஷம் சாப்பிட்டு ஒண்ணும் ஆகலங்கிறதும் முழு பாதுகாப்பு இல்ல, பாக்சில்லஸ் இன்வொலூட்டஸ்ங்கிற காளான தின்னு 1944ல இறந்துபோன யூலியஸ் ஷேஃபர் ஒரு ஜெர்மன் காளான் ஆய்வாளர், அந்தக் காளான பல பேர் பல தடவை சாப்பிட்டு நல்லா இருந்தவங்கதான், ஒரு கட்டத்துல உடம்பே அதுக்கு எதிரா திரும்பி சொந்த ரத்த அணுக்கள உடைச்சிடும்.

சமைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு முழுக் காளான, அடியோட, வேக வைக்காம பேப்பர்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல தனியா வச்சு மேல தேதி, நேரம், எடுத்த இடம் எழுதி வைங்க. உடம்பு ஏதாச்சும் சரியில்லன்னா, வயித்த வலியோ வாந்தியோ எதுவா இருந்தாலும், கூட சாப்பிட்டவங்க நல்லா இருந்தாலும் அவங்களையும் சேத்து கூட்டிட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க, வாந்தி வர வைக்கிறேன்னு உப்புத் தண்ணிய குடுத்து நேரத்த வீணாக்காதீங்க, வாந்தி எடுத்திருந்தா அதையும் ஒரு டப்பாவுல எடுத்துக்கோங்க. டாக்டர்கிட்ட சாப்பிட்ட நேரமும் முதல் அறிகுறி வந்த நேரமும் தனித்தனியா சொல்லுங்க, ரெண்டுக்கும் நடுவுல ஆறு மணிநேரத்துக்கு மேல இருந்தா அத அழுத்திச் சொல்லுங்க, அது அமடாக்சினுக்கான அடையாளம், உடனே ஈரல் டெஸ்ட் எடுக்கணும், அடுத்த நாள் தெளிவாயிட்டா கூட டிஸ்சார்ஜ் கேக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல வச்ச அந்த முழுக் காளான மறக்காம கையோட எடுத்துட்டு போங்க.